ரூபாய் விழும்போது யார் தலையில் விழுகிறது?

ஏப்ரல் 14 கொண்டாட்டம் முடிந்த மறு வாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்துக் காலனியில், இரவு ஷிப்ட் இல்லாத தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் படிப்பகத்தில் உட்கார்ந்திருந்தோம். ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனை நீட்டினார். "அண்ணா, இதப் பாருங்க. 1947-ல ஒரு ரூபாய் ஒரு டாலராம். அம்பேத்கர் சொன்னதக் கேட்டிருந்தா ரூபா இப்படி விழுந்திருக்காதாம்." படத்தில் ஒரு பக்கம் அண்ணல், இன்னொரு பக்கம் ரிசர்வ் வங்கிக் கட்டடம், கீழே நீல எழுத்து. நம் ஆட்கள் யாரோ பாசத்தோடு செய்ததுதான்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு வரும் இடத்தில் தாண்டிப் போகாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த டாலர் கதையை முடித்துவிடுவோம். 1947-ல் ரூபாய் கட்டப்பட்டிருந்தது பிரிட்டிஷ் பவுண்டோடு. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்துப் பார்த்தால் ஒரு பவுண்டு 13 ரூபாய் 5 அணா சொச்சம். அந்தப் பவுண்டு அப்போது 4.03 டாலர். ஆக ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு. ஒன்றுக்கு ஒன்று என்பது பொய். அதற்கு முன்னால் போனாலும், 1920-ல் வெள்ளைக்கார அரசு ரூபாயை வலுக்கட்டாயமாக 2 ஷில்லிங் தங்க மதிப்புக்கு உயர்த்தி வைத்தபோதுகூட ஒரு டாலருக்கு 2 ரூபாய்க்குக் கீழே போகவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் என்னைத் தொந்தரவு செய்தது தவறான எண் அல்ல. ரூபாய் உயர்ந்தால் நாட்டுக்கு மானம், தாழ்ந்தால் அவமானம் என்று அது பேசுகிறது. அம்பேத்கர் அப்படிப் பேசியவரே இல்லை. ரூபாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை விட, அந்த உயரத்தில் வைத்தால் யாருக்கு லாபம், யார் வயிற்றிலிருந்து அந்த லாபம் எடுக்கப்படுகிறது என்றுதான் அவர் கேட்டார். அதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

அப்போது திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. 1997-ல் பிரிக்கும்வரை நம் ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. 1891-ல் அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரமென்கீர் சேரி மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். இது உங்களுக்குத் தெரியும். தெரியாத இன்னொரு செய்தி, ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து, 1893 ஜூன் 26-ஆம் தேதி, இதே அரசு ரூபாயின் பிறப்பையே மாற்றியது.

அதுவரை ரூபாய் என்றால் வெள்ளி. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் அரசின் நாணயச் சாலையில் கொடுத்து, சிறிய கட்டணம் கழித்து, ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். (சென்னைத் தங்கசாலையில் நாணயம் அடிப்பதை 1869-லேயே நிறுத்திவிட்டார்கள். தெருப் பெயர் மட்டும் மிச்சம். பம்பாயும் கல்கத்தாவும் வேலை செய்தன.) பிரிட்டனின் பவுண்டோ தங்கம். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உலகச் சந்தையில் என்ன விலையோ, அதுதான் ரூபாய்க்கும் பவுண்டுக்கும் உள்ள விகிதம். 1870-களின் தொடக்கம் வரை ஒரு ரூபாய் 2 ஷில்லிங்கை ஒட்டியே நின்றது. பிறகு ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியது, மற்ற நாடுகளும் பின்னால் போயின, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. வெள்ளி விழுந்தது, ரூபாயும் கூடவே விழுந்தது. 1892-93-ல் ஒரு ரூபாய்க்கு 15 பென்ஸ்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

வெள்ளைக்கார அரசுக்கு இதில் என்ன வலி? இந்தியாவை ஆள்வதற்கான செலவை லண்டனில் பவுண்டாகக் கட்ட வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், ராணுவச் செலவு, ரயில்வேக் கடன் வட்டி, இந்தியா மந்திரி அலுவலகத்தின் மேஜை நாற்காலி வரை. வரியாக வசூலாவதோ ரூபாய். 1892-93-ல் அனுப்பிய தொகை சுமார் 1 கோடி 65 லட்சம் பவுண்டு. அதற்கு 26 கோடியே 48 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. 1873-74-ன் விகிதம் அப்படியே இருந்திருந்தால் 17 கோடியே 75 லட்சத்தில் முடிந்திருக்கும். ஹெர்ஷல் கமிட்டி போட்ட கணக்கு இது. பொருள் எதுவும் கூடுதலாக வாங்காமலே ஏறக்குறைய எட்டே முக்கால் கோடி ரூபாய் பறந்துவிட்டது.

இதே சரிவில் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டக்காரர், காபித் தோட்டக்காரர், சணல், பருத்தி ஏற்றுமதிக்காரர் எல்லோரும்தான். சரக்கை லண்டனில் பவுண்டுக்கு விற்றார்கள், கூலியை இங்கே ரூபாயில் கொடுத்தார்கள். நமக்கு நெருக்கமான உதாரணம் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனிக்காக 1880-களிலிருந்து அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன நம் மக்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-ல் தொடங்கியபோது அதைத் தாங்கிப் பிடித்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் வெட்டியது தங்கம். அது கப்பலேறி லண்டனுக்குப் போனது. அவர்கள் வாங்கியது வெள்ளி ரூபாய். 1880-களின் நடுவில் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கத்தை விற்றால் கம்பெனிக்குக் கூலி கொடுக்கச் சுமார் 13 ரூபாய் கையில் வந்தது. 1894-95-ல் அதே ஒரு பவுண்டுத் தங்கத்துக்கு 18 ரூபாய். பூமிக்குள் இறங்கியவரின் வேலை ஒரு முழம்கூடக் குறையவில்லை. தங்கம் தோண்டியவர் கூலி வெள்ளியிலும், தோண்டச் சொன்னவர் லாபம் தங்கத்திலும் இருந்தது என்றால், செலாவணி விகிதம் என்பது பொருளாதார வகுப்பில் மட்டும் உள்ள சமாச்சாரம் இல்லை என்று புரியும்.

அந்தக் கட்டத்தில் செங்கல்பட்டுப் படியாளுக்கு என்ன ஆனது? இங்கே கணக்கு கொஞ்சம் சிக்கல். படியாளுக்குக் கூலி பெரும்பாலும் நெல். பணத்தின் ஏற்ற இறக்கம் அவரை நேரடியாகத் தொடாது என்று தோன்றும். ரூபாய் மதிப்பு குறைந்தால் கடன்காரனுக்கு நல்லது, பழைய கடனை மலிவான ரூபாயில் அடைத்துவிடலாம் என்பது பொருளாதாரப் பாடம். உழவர்களின் கடன் சுமை குறையும் என்று சொல்லித்தான் மலிவான ரூபாய்க்குப் பலர் வாதாடினார்கள். மிராசுதாருக்கு அது உண்மைதான். அவர் கட்டும் கிஸ்தி முப்பது வருஷத்துக்கு மாறாத ரூபாய், விற்கும் நெல்லுக்கோ ஏறும் விலை. ஆனால் படியாளின் கடன் வேறு ஜாதிக் கடன். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ, கல்யாணத்துக்கு வாங்கியது. அதற்கு அவர் உழைப்பதே வட்டி. அசல் ஒரு நாளும் கரையாது, மகன் தலைக்கு மாறும். இந்தக் கட்டுமானத்தைத்தான் ட்ரமென்கீர் அறிக்கை பதிவு செய்தது. ரூபாயின் மதிப்பு பாதியானாலும் அந்தப் பத்து ரூபாய்க் கடன் பாதியாகாது, ஏனென்றால் அதை அடைக்க அவர் கைக்கு ரூபாயே வராது. பணவீக்கத்தால் கடன் கரைவதற்கும் ஒரு சாதித் தகுதி வேண்டியிருந்தது.

சரி, 1893-க்கு வருவோம். ஹெர்ஷல் கமிட்டி சொன்னபடி நாணயச் சாலைகளின் கதவு பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டது. இனி ரூபாயை அரசு மட்டுமே அடிக்கும், அதன் மதிப்பு வெள்ளியின் விலையைப் பொறுத்தது அல்ல, அரசு வைக்கும் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பதே இலக்கு. உடனே ஏறிவிடவில்லை. 1894-95-ல் 13 பென்ஸ் வரை விழுந்து, 1898 வாக்கில்தான் 16 பென்ஸைத் தொட்டது. அரசின் லண்டன் பாக்கிச் சுமை குறைந்தது. ஆனால் கதவு மூடியதில் ஒரு விஷயம் நசுங்கியது. ஏழையின் சேமிப்பு வெள்ளி நகை. காப்பு, தண்டை, கொலுசு, அரைஞாண். பஞ்சம் வந்தால் அதை விற்றுச் சாப்பிடுவார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நகைகள் உருகி பம்பாய் நாணயச் சாலைக்குப் போயின. ஒரு தோலா வெள்ளி என்றால் ஏறக்குறைய ஒரு ரூபாய் என்பது உறுதியாக இருந்தது. 1893-க்குப் பிறகு அந்த உறுதி போய்விட்டது. 1902-ல் லண்டனில் வெள்ளி அவுன்ஸ் 24 பென்ஸ். அந்த விலையில் ஒரு ரூபாய் நாணயத்தில் இருக்கும் வெள்ளியின் மதிப்பு 9 பென்ஸுக்குச் சற்றுக் கீழே, நாணயத்தின் மதிப்போ 16 பென்ஸ். அதாவது ரூபாயின் எடைக்கு ரூபாயின் சுத்தத்தில் கொலுசு விற்றால் 16 அணாவுக்குப் பதில் 9 அணா. அதிலும் ஆசாரியும் அடகுக் கடைக்காரரும் எடுத்துக்கொண்டது போக. நாட்டின் செலாவணியைச் சீர்செய்த செலவில் ஒரு பங்கைப் பெண்களின் கால் கொலுசு கட்டியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னதாகும். எல்லாச் சேரிப் பெண்களின் காலிலும் வெள்ளி இருந்ததா? பல ஊர்களில் போடவே விடவில்லை. 1930-ல்கூட இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடைப் பட்டியல் போட்டு, மீறிய குடிசைகளைக் கொளுத்தினார்கள். வெள்ளி இல்லாதவருக்கு வெள்ளி விழுந்தால் நஷ்டமில்லை என்று யாராவது பொருளாதார நியாயம் பேசலாம். பேசட்டும்.

இந்த முழு வரலாற்றையும் லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்தான் நம்மவர். 'ரூபாயின் பிரச்சினை' என்ற அவருடைய நூல் 1923-ல் லண்டனில் பி. எஸ். கிங் பதிப்பகத்தில் வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதிய ஆய்வு. ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அல்ல, மறுத்தும் வாதாடியும். அப்போது அண்ணலுக்கு வயது 32. எதிரில் நின்றது கெயின்ஸ். 1913-ல் கெயின்ஸ் எழுதிய இந்திய நாணயம் பற்றிய நூல், 1893-க்குப் பிறகு உருவான ஏற்பாட்டைப் பாராட்டியது. உள்ளூரில் ரூபாய் புழங்கட்டும், வெளிநாட்டுக் கணக்குக்கு மட்டும் அரசு நிர்ணயித்த விகிதத்தில் பவுண்டாக மாற்றிக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு அது.

அம்பேத்கரின் எதிர்வாதத்தை நம் பாஷையில் சொன்னால் இப்படி. ரூபாய்க்கும் பவுண்டுக்கும் உள்ள விகிதத்தை ஆடாமல் வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிறீர்கள். ரூபாய்க்கும் அரிசிக்கும் உள்ள விகிதம் என்ன ஆனது? பவுண்டைக் கையால் தொடாதவர்கள்தான் இந்த நாட்டில் அநேகம் பேர். அவர்களுக்கு வேண்டியது ரூபாய் உள்ளூரில் எவ்வளவு வாங்கும் என்பதில் நிலைத்தன்மை. அரசு தன் இஷ்டத்துக்கு ரூபாய் அடித்துத் தள்ள முடிந்தால் விலை ஏறும், கூலி மெதுவாகத்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆகவே அரசின் கையைக் கட்ட வேண்டும், ரூபாய் எத்தனை வெளியிடலாம் என்பதற்கு அரசே மீற முடியாத எல்லை வேண்டும். தங்க நாணயம் புழங்கட்டும் என்று அவர் சொன்னதும் இதற்காகத்தான். தங்கத்தின் மீது அவருக்கு மோகமில்லை, ஆட்சியாளர் மீது நம்பிக்கையில்லை.

விழும் ரூபாய் ஏற்றுமதிக்கு ஊக்கம் என்ற வாதத்தையும் அந்த நூலில் பிரித்துக் காட்டினார். ஊக்கம் என்பது வானத்திலிருந்து வருவதில்லை. விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறாததால் முதலாளி கையில் நிற்கும் மிச்சம்தான் அது. நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த லாபம் என்று நாம் நினைப்பது, நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்தின் சட்டைப் பையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் சட்டைப் பைக்குப் போனது.

1925-ல் இந்த வாதம் அரசியல் களத்துக்கு வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளி விலை எகிறி, ரூபாய் கட்டறுந்து, 1920-ல் 2 ஷில்லிங்குக்குத் தூக்கி நிறுத்தப் பார்த்து அரசு கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு ரூபாய் ஒருவழியாக 1 ஷில்லிங் 6 பென்ஸ் பக்கம் வந்து நின்ற நேரம். ஹில்டன் யங் தலைமையில் ராயல் கமிஷன் வந்தது. பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸா, புதிய 1 ஷில்லிங் 6 பென்ஸா? பவுண்டுக்கு 15 ரூபாயா, 13 ரூபாய் 5 அணாவா? இரண்டே பென்ஸ்தான். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பம்பாய் மில் முதலாளிகளும் தேசியத் தலைவர்களில் பெரும்பாலோரும் 1-4 பக்கம். கமிஷன் உறுப்பினரான புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் அதற்காக மாற்றுக் குறிப்பே எழுதினார். அரசு 1-6 பக்கம்.

அந்தக் கமிஷன் முன் 1925 டிசம்பரில் சாட்சி சொன்ன அம்பேத்கர் இரு தரப்புக்கும் தலையாட்டவில்லை. குறைந்த விகிதத்தால் வரும் லாபம் தேசத்தின் லாபம் அல்ல, கூலிக்காரர் இழப்பதை வியாபாரிகள் பெறுகிறார்கள் என்றார். பழைய விகிதத்தில் செய்த ஒப்பந்தங்கள் உண்டு, புதிய விகிதத்தில் செய்தவையும் உண்டு, இரண்டுக்கும் முழு நியாயம் செய்ய முடியாது, நடுவில் ஒன்றைப் பிடியுங்கள், அது 1-4-ஐ விட்டு விலகி 1-6-க்கு நெருக்கமாக இருக்கட்டும் என்பது அவர் நிலை. தேச விரோதி என்று பேர் எடுக்க இது போதும். அவர் அதற்காக வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. 1927 சட்டம் 1 ஷில்லிங் 6 பென்ஸை நிலைநாட்டியது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். 1929-க்குப் பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு இறங்கியபோதும் ரூபாயை அதே 1-6-ல் பவுண்டோடு கட்டியே வைத்தார்கள். விலை விழும்போது உயர்ந்த ரூபாய் உழவர் கழுத்தை இன்னும் இறுக்கும். தாலித் தங்கம் வரை விற்று, கோடிக்கணக்கான ரூபாய்த் தங்கம் கப்பலேறியது. வேலை இல்லாத வயலில் கூலிக்கும் வழியில்லை. 1-4 கேட்டவர்கள் முழுக்கச் சுயநலத்தில்தான் கேட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. விகிதம் சரியாக இருந்தால் மட்டும் தொழிலாளிக்குச் சோறு வந்துவிடாது என்பது அந்தப் பத்தாண்டின் பாடம். அம்பேத்கர் விகிதத்தை ஒரு மந்திரமாக வைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அவருக்கு நியாயம் செய்தவர்களாவோம்.

ரிசர்வ் வங்கி விஷயமும் இங்கேயே. ஹில்டன் யங் கமிஷன் 1926-ல் மத்திய வங்கி ஒன்றைப் பரிந்துரைத்தது. 1927-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 1934-ல் சட்டம், 1935 ஏப்ரல் 1-ல் வங்கி. அம்பேத்கர் சாட்சியத்தின் உயிர்நாடி வங்கி கட்டுவது அல்ல, ரூபாய் வெளியிடும் அதிகாரத்துக்கு வேலி போடுவது. அவர் புத்தகத்தை அச்சடித்து வங்கி கட்டினார்கள் என்று போஸ்டர் போடுவது அவரைச் சிறியவராக்குகிறது. அவர் வங்கிக்கு வரைபடம் போட்ட பொறியாளர் இல்லை, அந்த வங்கியைக் கேள்வி கேட்கக் கற்றுத் தந்தவர்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலராகக் குறைத்தது, இந்தியாவும் கூடவே இறங்கியது, டாலர் 4 ரூபாய் 76 காசானது. பாகிஸ்தான் இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை ஒரே ரூபாயாக இருந்தது, ஒரே ராத்திரியில் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றானது. 1966 ஜூன் 6-ல் இந்திரா காந்தி அரசு மறுபடி குறைத்தது, டாலர் 7 ரூபாய் 50 காசு. மழை பொய்த்து அரிசி கிடைக்காத நேரம் அது. மதிப்புக் குறைப்புதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த வருஷம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக பேசியபோது ஊர் ஊராக ஏன் காது கொடுத்தார்கள் என்பது விளங்கும். ரூபாயை டாலரால் அளப்பதைப் படியால் அளந்த வாக்குறுதி தோற்கடித்தது.

இதில் நம் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. இலங்கை மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் கணிசமானோர் தலித் குடும்பங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்கள் கையில் கொண்டுவரக் கூடியது தோட்டத்துச் சேமநிதியும் பணிக்கொடையும்தான், அதுவும் இலங்கை ரூபாயில். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று இரண்டு ரூபாயும் டாலருக்கு 4.76, சமம். 1966-ல் இந்திய ரூபாய் இறங்கியதும் 1,000 இலங்கை ரூபாய்க்கு அதிகாரபூர்வ விகிதத்தில் 1,575 இந்திய ரூபாய். 1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்தது, டாலர் 5.95. அதே 1,000 இப்போது 1,260. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் பெருவாரியாக வரத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஒரு குடும்பம் மூன்று தலைமுறை கிள்ளிய கொழுந்தின் மிச்சத்தை, யாரோ இரு தலைநகரங்களில் எழுதிய எண்கள் ஏற்றி இறக்கின. தாங்கள் எந்தத் தேதியில் கப்பல் ஏறுவது என்பதைக்கூட அந்த மக்கள் தீர்மானிக்கவில்லை.

1991 ஜூலை 1-லும் 3-லும் இரண்டு தவணையாக ரூபாய் குறைக்கப்பட்டது. 21 ரூபாய் பக்கம் இருந்த டாலர் 26 பக்கம் போனது. அதே மாதம் ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் விமானத்தில் இங்கிலாந்து வங்கிக்கு அடமானம் போனது. கோலாரில் வெட்டிய தங்கம் போன அதே லண்டன்! 1993 மார்ச்சிலிருந்து ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. 2022-ல் டாலர் 80 ரூபாயைத் தாண்டியது. பிறகும் இறங்குமுகம்தான்.

இனி நம் சிப்காட். இங்கே உள்ள உருக்கு ஆலைகள் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கின்றன. பழைய இரும்பில் ஒரு பங்கு கப்பலில் வருகிறது, டாலரில் விலை. ரூபாய் விழுந்தால் அந்தச் செலவு ஏறுகிறது. ஆலைக்காரர் கம்பி விலையை ஏற்றிப் பார்ப்பார், முடியாவிட்டால் காண்ட்ராக்டரைப் பிழிவார், காண்ட்ராக்டர் யாரைப் பிழிவார் என்று நான் எழுத வேண்டாம். பக்கத்திலேயே ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளும் இருக்கின்றன. ரூபாய் விழுந்தால் அவர்களுக்கு ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய். அந்தக் கூடுதலில் இருந்து கூலி ஏறிய கதையை நான் கேட்டதில்லை. இரண்டு வாசலிலும் நிற்பது ஒரே தொழிலாளிதான், அவர் பொன்னேரிக் காலனிக்காரராக இருக்கலாம், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இரண்டு பேரும் வாங்கும் பாமாயிலும், ஏறும் ஷேர் ஆட்டோவின் டீசலும் டாலரோடு கட்டப்பட்டவை.

கூலி பின்னால் நொண்டி வரும் என்று அண்ணல் சொன்னாரே, அதை இன்றைக்கும் தேதி போட்டுக் காட்டலாம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி வருஷத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் 1-ல்தான் மாறும். முந்தைய வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டின் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்த மே மாதம் ரூபாய் விழுந்து எண்ணெய் விலை ஏறினால், அது உங்கள் கூலியைத் தொட அடுத்த ஏப்ரல் ஆகும். அதுவும் பன்னிரண்டு மாதச் சராசரியில் கரைந்து, பாதி ஏற்றமாக. இடைப்பட்ட பதினொரு மாதம் யார் யாருக்குக் கடன் கொடுத்தது? பழைய தொழிற்சங்கத்துக்காரர்கள் இதைப் பஞ்சப்படி என்றுதான் சொல்வார்கள். பெயர் பொருத்தமானது, பஞ்சம் முதலில் வரும், படி பிறகு வரும்.

அதுவும் சட்டப்படி கொடுக்கும் இடத்தில். அன்று இரவு அந்தத் தம்பியிடம் சம்பளச் சீட்டைக் கேட்டேன். போனில் போட்டோ வைத்திருந்தார். அடிப்படைக் கூலி, அகவிலைப்படி என்று தனித்தனிக் கட்டங்களே இல்லை. நாள் கணக்கு, மொத்தத் தொகை, பி.எஃப். பிடித்தம், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் நாள் கூலி இரண்டு முறை ஏறியிருக்கிறது, இரண்டு முறையும் காண்ட்ராக்டர் மாறியபோது.

"அப்போ ரூபா ஏறினா நமக்கு நல்லதாண்ணா?" என்றார் அவர்.

அப்படியும் சொல்ல முடியாது, தம்பி. ரூபாய் திடீரென்று ஏறினால் ஏற்றுமதிக் கம்பெனி முதலில் நிறுத்துவது காண்ட்ராக்ட் ஆட்களைத்தான். அதனால்தான் உயரத்தைப் பார்க்காதே, ஒப்பந்தத்தைப் பார் என்றார் அம்பேத்கர். யார் யாரோடு எந்த மதிப்பில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், மதிப்பு மாறும்போது அதைத் திருத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 1925-ல் கேட்ட கேள்விக்கு உன் போனில் இருக்கும் சீட்டில்தான் பதில் இருக்கிறது என்றேன். அவர் மறுபடி ஒருமுறை அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம். போன மார்ச், இந்த ஏப்ரல், இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் ஒவ்வொருவரும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம். அரசு ஏப்ரல் 1-க்கு அறிவித்த அகவிலைப்படி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதப் போகிறோம். ஒடிசாத் தோழர்கள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இந்தி தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து உதவுங்கள்.